மரத்துக்கு யாரும் யோகா சொல்லித் தருவதில்லை

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். நான் யோகாவுக்கு எதிரி இல்லை. வருஷக்கணக்கில் பொட்டி தட்டி இடுப்பு போன பிறகு, தங்கமணி இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்ட வகுப்பில் கற்றுக்கொண்டு, இன்றைக்கும் காலையில் இருபது நிமிடம் செய்கிறவன். புஜங்காசனம் போடாத நாளில் மத்தியானத்துக்கு மேல் நாற்காலியில் என்னால் உட்கார முடியாது. அதனால் "உனக்கு யோகாவைப் பத்தி என்னய்யா தெரியும்" என்று பின்னூட்டம் போட விரலைத் தூக்கியவர்கள் கொஞ்சம் பொறுங்கள். என் சண்டை வேறு ஆட்களோடு. யோகாவை ஆபீஸுக்குள் கூட்டிவந்து, அதன் கழுத்தில் 'படைப்பாற்றல்' என்று ஒரு அட்டையை மாட்டி, நம்மிடம் இன்னும் கொஞ்சம் கறந்துவிடலாம் என்று பார்க்கிற ஆட்களோடு. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தன். அதையும் சொல்லியாக வேண்டும். பதிவு நீளம், காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

இங்கே சிங்கப்பூரில் நான் ஆணி பிடுங்கும் ஆபீஸில் சில மாதங்களுக்கு முன் ஒரு மெயில் வந்தது. புதன்கிழமைதோறும் மதியம் 12.15 முதல் 1 மணி வரை யோகா. 1 மணிக்கு அதே அறையில் ஐடியா மீட்டிங். ஆளுக்கு மூன்று ஐடியா கொண்டுவர வேண்டும். சாப்பாடு? மீட்டிங்கில் சாண்ட்விச் உண்டு. அதாவது மதியச் சாப்பாட்டு நேரத்தை எடுத்துக்கொண்டு, அதற்குப் பதில் ஒரு பாயும் இரண்டு துண்டு ரொட்டியும். இதற்கு இரண்டு மாதம் முன்னால் எங்கள் டீமில் இரண்டு பேர் போனார்கள். அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. அதைப் பற்றி மெயிலில் ஒரு வரி கிடையாது.

எங்கள் டேமேஜர் மோசமான ஆள் இல்லை. என்னைக் கூப்பிட்டு, "நீ இந்தியன்தானே, உனக்கு இது தெரியுமே, நீயே எடுக்கிறாயா?" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் நம் ஊர்ச் சரக்கு ஒன்றுக்காக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் அப்ரைசல் வேறு வருகிறது. சரி என்றேன். முதல் புதன்கிழமை இருபத்தைந்து பேர் என் குரலுக்கு மூச்சை இழுத்து விட்டபோது, பொய் சொல்லக்கூடாது, கொஞ்சம் மிதந்துதான் போனேன்.

மூன்றாவது வாரம் சவாசனத்தில் ஒரு தம்பி தூங்கிவிட்டான். திண்டுக்கல் பக்கத்துப் பையன், வந்து ஒன்றரை வருஷம் இருக்கும். லேசாகக் குறட்டை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த வாரம் அவன் ஒரு ரிலீஸுக்காக நாலு ராத்திரி விடியற்காலம் மூன்று மணி வரை அமெரிக்காக்காரர்களோடு போனில் இருந்தவன். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்தேன். அன்று சாயங்காலம், யார் வந்தார்கள், யார் ஈடுபாட்டோடு செய்தார்கள் என்று ஒரு எக்ஸெல் கேட்டார்கள். அவன் பெயருக்கு எதிரே, "நன்றாகத் தூங்கினான்" என்று எழுதி ஒரு ஸ்மைலி போட்டு அனுப்பினேன். தமாஷுக்கு.

அப்ரைசலில் அவனுக்கு 'ஈடுபாடு போதாது' என்று வந்தது. அப்புறம் ஒப்பந்தம் நீட்டிக்கவில்லை. இந்த ஊரில் வேலை போனால் பாஸும் போகும், அதிகம் போனால் ஒரு மாசத்துக்குள் மூட்டை கட்ட வேண்டும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என்னுடைய அந்த ஒரு வரியால்தான் அவன் போனான் என்று சொல்ல முடியாது. அந்த வரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

அவன் விமானம் ஏறிய ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் அப்பாவுக்குப் போன் போட்டேன். இங்கே அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் பிறந்தது கட்சாலில். நிக்கோபார் தீவுகளில் நடுவாக்கில் இருக்கும் தீவு. வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் கட்சாலுக்குச் சென்னையைவிடச் சிங்கப்பூர் கிட்டம். ஆனால் போவதென்றால் சென்னைக்குப் பறந்து, அங்கிருந்து போர்ட் பிளேருக்குப் பறந்து (2024-இல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எனக்கு இன்னும் வாயில் வரவில்லை), அப்புறம் கப்பல். பழங்குடிகளுக்கான பாதுகாக்கப்பட்ட தீவு, அனுமதியும் வேண்டும். நிக்கோபாரிகளின் தீவில் தமிழன் எப்படி என்று கேட்பீர்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கைத் தோட்டங்களில் இருந்த நம் ஜனங்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிவிட்டார்கள். அப்படித் தலைமன்னாரில் கப்பல் ஏறி மண்டபம் முகாமில் இறங்கியவர்களில் சில குடும்பங்களைக் கட்சாலில் அரசாங்கம் போட்ட ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். என் அப்பா அதில் ஒருத்தர். களுத்துறைப் பக்கம் பால் வெட்டிய கை, கட்சாலிலும் பால் வெட்டியது.

2004 டிசம்பர் 26 அன்று தோட்டம் உள்ளே மேட்டில் இருந்ததால் எங்கள் வீடு தப்பியது. கரையோர ஊர்கள் தப்பவில்லை. அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நான் எழுந்திருக்க மாட்டேன், இன்னொரு நாள். அப்பா இப்போது கோயம்புத்தூர்ப் பக்கம் தங்கை வீட்டில் இருக்கிறார். எழுபதைத் தாண்டிவிட்டார், காது மட்டும் கொஞ்சம் மந்தம்.

போனில் தம்பி விஷயத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுற்றிவளைத்து, ஆபீஸில் யோகா சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன்.

"அது எதுக்குப்பா ஆபீஸ்ல?"

"புதுசு புதுசா யோசனை வரும்னு செய்யச் சொல்றாங்கப்பா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். அப்புறம் கேட்டார்: "சரி, வெட்டாத நாள் எது?"

ரப்பர் தெரியாதவர்களுக்கு இது புரியாது. விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போவார்கள். வெயில் ஏறுமுன், மரத்துக்குள் அழுத்தம் இருக்கும்போதே வெட்டினால்தான் பால் ஓடும். பட்டையில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் சீவ வேண்டும். ஆழமாகப் போய் உள்ளே கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடம் புண்ணாகி முடிச்சு விழும், பட்டை சரியாக வளராது. இப்படிக் காயப்படுத்தாமல் அதே வெட்டைத் திரும்பத் திரும்பச் சீவுகிற வித்தையைக் கண்டுபிடித்தது எங்கே தெரியுமா? நான் இப்போது குடியிருக்கும் இதே சிங்கப்பூரில். இங்கே தாவரவியல் பூங்காவில் 1888-இலிருந்து 1912 வரை இயக்குநராக இருந்த ரிட்லி என்கிற வெள்ளைக்காரர் கண்டுபிடித்தது. அதற்கு முன்னால் கோடாலியால் கொத்துகிற மாதிரிக் கொத்தி மரத்தையே நாசம் பண்ணிக்கொண்டிருந்தார்களாம். சனிக்கிழமை பிள்ளைகளை அந்தப் பூங்காவுக்குத்தான் கூட்டிப்போகிறேன். அங்கே வாத்து பார்க்கிற குடும்பங்கள் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று தெரியவில்லை.

ஆனால் வெட்டுகிற முறையைவிட முக்கியம் வெட்டாத முறை. ஒரு மரத்தை இன்று வெட்டினால் நாளைக்கு வெட்டக் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள். அந்த இடைவெளியில்தான் மரம் தன் பாலைத் திரும்ப ஊறவைக்கும். பேராசைப்பட்டுத் தினம் வெட்டினால், முதலில் பால் தண்ணீராகும், அப்புறம் பட்டை வறண்டு ஒரு சொட்டும் வராது. எத்தெஃபான் என்று ஒரு மருந்து இருக்கிறது. வெட்டின இடத்துக்குப் பக்கத்தில் தடவினால் பால் வழக்கத்தைவிட அதிக நேரம் ஓடும். அளவோடு தடவி, வெட்டும் நாட்களைக் குறைத்தால் லாபம். மருந்தையும் தடவி வெட்டையும் கூட்டினால் மரம் சீக்கிரம் வறண்டுபோகும். ரப்பர் ஆராய்ச்சி செய்கிறவர்கள் எல்லோருக்கும் இது அரிச்சுவடி.

இன்னொரு விஷயமும் அப்பாதான் சொல்வார், சிரித்துக்கொண்டே. ஓய்வு மரத்துக்குத்தான். ஆளுக்கு இல்லை. இன்றைக்கு இந்தப் பக்கத்து மரங்கள், நாளைக்கு அந்தப் பக்கத்து மரங்கள். வெட்டுகிற கை அதே கை. உலகம் பூராவும் ரப்பர் தோட்டத்தில் இதுதான் நடைமுறை. ஏன் என்று யோசியுங்கள். ஒரு ரப்பர் மரம் வெட்டுக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். மரம் போனால் ஆறேழு வருஷம் காத்திருக்க வேண்டும். ஆள் போனால் அடுத்த பிரட்டில் வேறு ஆள். அதனால் மரத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் லீவு, ஆளுக்கு அறிவுரை. மரத்துக்கு யாரும் யோகா சொல்லித் தருவதில்லை. மூச்சை இழுத்துவிடு, உனக்குள்ளே இன்னும் பால் இருக்கிறது, மனம் வைத்தால் தினமும் தரலாம் என்று எந்தக் கங்காணியும் ரப்பர் மரத்திடம் சொன்னதில்லை. சொன்னால் கேட்காது என்று தெரியும்.

என் ஆபீஸில் நான் செய்தது அதுதான். இரண்டு ஆள் குறைவு, நாலு ராத்திரி தூக்கமில்லை, அதன் மேல் நான் எத்தெஃபான் தடவிக்கொண்டிருந்தேன்.

அப்பாவிடமே ஒரு கண்டுபிடிப்பு உண்டு. கட்சாலில் வருஷத்தில் பாதிக்கு மேல் மழை. மழைத் தண்ணீர் மரத்தில் வழிந்து வெட்டில் இறங்கிச் சிரட்டையில் பாலோடு கலந்து கெடுத்துவிடும். அவர் பழைய டியூபை நாடாவாகக் கிழித்து, வெட்டுக்கு மேலே சாய்வாகத் தார் வைத்து ஒட்டி, தண்ணீரை ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டார். இதே வேலைக்குத் தோட்டங்களில் பாலித்தீன் பாவாடை கட்டும் வழக்கம் உண்டு என்பது அவருக்கு அப்போது தெரியாது. எப்படித் தோன்றியது என்று நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். மழை விடாமல் பெய்த ஒரு காலை, வெட்டுக்குப் போக முடியாமல் லயத்து வாசலில் சும்மா உட்கார்ந்து ஓட்டிலிருந்து தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அவ்வளவுதான். அவரிடம் யாரும் மூன்று ஐடியா கேட்கவில்லை.

இதெல்லாம் அப்பா புராணம், அறிவியல் என்ன சொல்கிறது என்று கேட்கும் பார்ட்டிகளுக்காகத் தேடிப் படித்தேன். 2012-இல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் கோல்சாட்டோவும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். யோகா ஆட்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது இதைத்தான். மனதை ஒன்றிலும் கட்டாமல் திறந்துவிடுகிற ஒரு வகைத் தியானத்துக்குப் பிறகு, ஒரு பொருளை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்ற கேள்விக்கு அதிகம் பதில் வந்தது உண்மை. ஆனால் கலந்துகொண்டவர்கள் 19 பேர், எல்லோரும் ஏற்கெனவே தியானத்தில் பழகியவர்கள். ஒன்றிலேயே மனதைக் குவிக்கும் தியானத்துக்கு அந்தப் பலன் இல்லை. ஆசனத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை. 2018-இல் ஹாஃபென்பிராக், வோஸ் என்ற இருவர் வெளியிட்டது இன்னும் வேடிக்கை. தியானம் செய்த பிறகு, அடுத்துக் கொடுத்த வேலையைச் செய்யும் ஆசை குறைந்துபோனதாம். வேலையின் தரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்கு இதைப் படித்தபோது சிரிப்புதான் வந்தது. மனசை அடக்குகிறதற்காக ஏற்பட்ட வித்தை மனசை அடக்கியிருக்கிறது, வேறென்ன!

சும்மா நடந்தால் என்ன ஆகும்? 2014-இல் ஸ்டான்ஃபோர்டில் ஒப்பெஸ்ஸோவும் ஷ்வார்ட்ஸும் பார்த்தார்கள். உட்கார்ந்திருப்பதைவிட நடக்கும்போது புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடின. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தாலும் கூடியது. பாய் வேண்டாம், வாத்தியார் வேண்டாம், எக்ஸெல் வேண்டாம்.

என்னை உட்காரவைத்தது கடைசியாகப் படித்தது. 2004-இல் ஜெர்மனியின் லூபெக் பல்கலைக்கழகத்துக்காரர்கள் நேச்சர் இதழில் எழுதியது. ஒரு கணக்கு விளையாட்டைக் கொடுக்கிறார்கள். அதற்குள் ஒரு குறுக்குவழி ஒளிந்திருக்கிறது, சொல்ல மாட்டார்கள். நடுவில் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் அந்தக் குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள். தூங்காமல் விழித்திருந்தவர்களில் 23 சதவீதம் பேர்தான். அப்படியானால் அன்றைக்கு அந்த அறையில் இருபத்தைந்து பேரில் புது யோசனைக்கான சரியான பயிற்சியைச் செய்தவன் ஒருத்தன்தான். அவன் பெயருக்கு எதிரே நான் ஸ்மைலி போட்டேன்.

நம்மவர்கள் இதில் வாயைத் திறக்காததற்குக் காரணம் பெருமை. நம்ம பாட்டன் சொத்தை உலகமே கும்பிடுகிறதே, அதைப் போய்க் குறை சொல்வதா என்று. 2015-இலிருந்து ஜூன் 21 வந்தால் நாமே முதல் வரிசையில் பாயை விரித்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறோம். கூகுளில் 2007-இல் தியான வகுப்பு ஆரம்பித்த என்ஜினியர் சேட்-மெங் டான் இந்தச் சிங்கப்பூரில் பிறந்தவர் என்று எங்கள் ஆபீஸில் அதற்கும் ஒரு பெருமை உண்டு. இப்போது பிள்ளைகளுக்கும் 'கிரியேட்டிவிட்டி யோகா' என்று விளம்பரம் பார்க்கிறேன், டியூஷனுக்கும் நீச்சலுக்கும் நடுவில் சொருக. எட்டு வயசுப் பிள்ளைக்குச் சும்மா இருக்க ஒரு மணி நேரம் விடாமல், யோசனை வரவைக்கக் காசு கட்டுகிறோம் சாமி.

பெருமைப்படுகிறவர்கள் நூலையும் கொஞ்சம் புரட்டலாம். பதஞ்சலி சொல்லும் எட்டு அங்கத்தில் ஆசனம் மூன்றாவது. முதலாவது இயமம். கொல்லாமை, பொய்யாமை, களவு செய்யாமை, அடக்கம், பேராசையின்மை. திருமூலரும் மூன்றாம் தந்திரத்தில் இந்த வரிசையில்தான் போகிறார். அடுத்தவன் சாப்பாட்டு நேரத்தை எடுத்துக்கொள்வது களவில் சேராதா? இரண்டு ஆள் வேலையை மிச்சமிருப்பவர்கள் தலையில் கட்டுவது பேராசையில் சேராதா? முதல் இரண்டு படியையும் தாண்டிக் குதித்து நேராக மூன்றாம் படியில் போய்க் காலை மடக்கி உட்கார்ந்தால் அதற்குப் பெயர் உடற்பயிற்சி. தப்பில்லை. இந்திய ஆயுஷ் அமைச்சகம் 2021 செப்டம்பரில் ஒய்-பிரேக் என்று ஒரு செயலி வெளியிட்டதே, நாற்காலியில் இருப்பவர்களுக்கு ஐந்து நிமிட யோகா, அலுப்புத் தீரவும் தெம்பு வரவும் என்று. அதோடு எனக்குத் தகராறே இல்லை. கழுத்துக்கு நல்லது. ஐந்து நிமிடம் முடிந்ததும் அது மூன்று ஐடியா கேட்பதில்லை.

2000 ஜனவரி 1 ஞாபகம் வருகிறது. புத்தாயிரத்தின் முதல் சூரிய உதயம் கட்சாலில்தான் என்று விளம்பரம் செய்தார்கள். கிரீன்விச்சில் நள்ளிரவு அடிக்கும்போது நமக்கு 5.30 மணி, சரியாக அப்போது கட்சாலில் சூரியன் உதிக்கும் என்பது கணக்கு. வெளியூர்க்காரர்கள் கப்பலில் வந்தார்கள். நான் லீவில் வீட்டில் இருந்தேன். அப்பா வழக்கம்போல் வெட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வந்ததும், "பாத்தீங்களாப்பா?" என்று கேட்டேன். "அது டெய்லி வருதேப்பா" என்றார். நேற்றும் அங்கே உதித்த சூரியன்தான், அன்றைக்கு மட்டும் ஒரு அட்டை மாட்டியிருந்தார்கள்.

போன வாரம் டேமேஜரிடம் போய் இனி நான் வகுப்பு எடுக்கவில்லை என்று சொன்னேன். புதன்கிழமை மதியத்தை மீட்டிங் இல்லாமல் விடுங்கள், போன இரண்டு பேர் இடத்துக்கு ஆள் எடுங்கள், ராத்திரி ரிலீஸ் பார்த்தவனுக்கு மறுநாள் காலை வரவேண்டாம் என்று எழுத்தில் கொடுங்கள் என்று மூன்று விஷயம் கேட்டேன். ஆளுக்கு மூன்று ஐடியா என்றார்களே, இதுதான் என் மூன்று என்றேன். அவர் சிரிக்கவில்லை. யோசிக்கலாம் என்றார். இங்கே 2024 டிசம்பர் முதல் வேலை நேரத்தை மாற்றிக் கேட்பதற்கு வழிகாட்டு விதிகள் இருக்கின்றன, எழுதிக் கேட்டால் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதத்திலிருந்து வெளியிலிருந்து ஒரு யோகா டீச்சர் வருகிறாராம்.

தம்பிக்கு வாட்ஸ்அப்பில் நடந்ததை மறைக்காமல் எழுதி மன்னிப்புக் கேட்டேன். எக்ஸெலில் நான் போட்ட வரியையும் அப்படியே எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது.

"பரவால்லண்ணே. அந்த வாரத்துல நான் தூங்குனது அந்தப் பத்து நிமிஷந்தாண்ணே."